சுமையோடு கொண்டு வா

மூன்று கராஜ் ஏறி இறங்கித்தான்
கோண்டாவிலுக்கு வந்தது அந்த மீன் லொறி.
மூன்று பேரும் ஒரே சொல்:
ஓட்டோ கியர்பெட்டி முடிஞ்சுது,
பஞ்சிகாவத்தையில் வேறை பார்க்கலாம்,
நாலரை லட்சம், ஏற்றுக்கூலி புறம்பு.

நான் ஒயில் கோலை இழுத்துப்
பழைய பெனியன் துண்டில் துடைத்து
வெயிலில் பிடித்தேன்.
சிவப்பு.
மணந்தேன், கருகல் இல்லை.
சம்பை இறக்கிக் காந்தத்தைத் தடவினேன்.
விரலில் நரைத்த பூச்சு,
திருநீறு அளவு. துருவல் இல்லை.
உள்ளே யாரும் யாரையும் கடித்துத் தின்னவில்லை.

மூடிப் புது ஒயில் விட்டு
"ஓடிக் காட்டு" என்றேன்.
பலாலி வீதியில் டெஸ்மன் ஓடினான்.
இரண்டு எப்போது மூன்றானது,
மூன்று எப்போது நாலானது,
காதை வைத்துக் கேட்டும் பிடிபடவில்லை.
ஆஸ்பத்திரி வாசலில் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி
லொறி என்னைப் பார்த்தது.

"எப்ப செய்யும்?"
"விடியப்புறம் அண்ணை. நாவற்குழி கிட்ட."
"போகேக்கையோ, வரேக்கையோ?"
யோசித்தான். இதை அவனிடம்
ஒருவரும் கேட்டிருக்கவில்லை.
"போகேக்கை மட்டும்."
வரும்போது பெட்டி வெறும்பெட்டி.
"அப்ப சுமையோடு கொண்டு வா."

பாஷையூரில் மூன்றரை மணிக்கு ஏறினேன்.
பாரை, சூடை, நொறுக்கிய ஐஸ்,
அதற்கு மேல் கை நிறைய உப்பு.
அரியாலை வரை ஒன்றும் இல்லை.
பாலத்தடியில் விளக்கொன்று மினுங்கியது,
கியர் மூன்றில் போய்க் குந்தியது.
நிறுத்தி எடுத்தால்
மூன்றிலேயே எழும்பப் பார்க்கிறது,
முழங்கால் பிடித்த கிழவன் போல.

அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்து
அடியில் புகுந்தேன்.
டோர்ச்சை நிமிர்த்த முதல்
கீழுதட்டில் ஒரு துளி.
துப்பவில்லை.
ஒயில் என்றால் கசக்கும்.
இது கடல்.

துளி வந்த வழியே வெளிச்சத்தை ஏற்றினேன்.
பெட்டித் தளத்தில் அரை அங்குலத் துளை,
நேர்கீழே கியர்பெட்டியின் வயர் பிளக்.
கழற்றினால் முள்ளெல்லாம் பச்சைக் களிம்பு.
மீற்றரை வைத்தேன்.
உள்ளே சொலினொயிட்டுக்குப் பதினாலு ஓம், சுகம்.
வெளியே முள்ளும் கம்பியும்
பேச்சு வார்த்தை இல்லை.
மீற்றர் ஓம் என்றால் ஓம்.
எங்கட சனம் ஓம் என்றால்
இன்னொருதரம் கேட்க வேணும்.

"டெஸ்மன், இந்த ஓட்டை
ஜப்பானிலையிருந்து வந்ததோ?"
அவன் களப்பைப் பார்த்தான்.
ஒரு பஸ் எங்களைக் கடந்து போனது.
"தண்ணி தேங்கி மீன் நொந்தால்
என்ர சம்பளத்திலைதான் கழிப்பா.
இரவல் ட்றில் அண்ணை.
அதுக்குப் பிறகு ஒரு மீனும் நொகேல்லை."

முள்ளைச் சுரண்டி, சேட்டு நுனியால் துடைத்து,
சொப்பிங் பை சுற்றிக் கட்டி
அவனைத் தம்புள்ளைக்கு அனுப்பினேன்.
முதல் பஸ்ஸில் திரும்பினேன்,
வாயில் இன்னும் உப்பு.

மறுநாள் பழைய பிளக்கை வெட்டி எறிந்து
ஏழு கம்பிக்கும் ஈயம் வைத்து, கிறீஸ் அப்பி,
பற்றறி வயரைப் பத்து நிமிடம் கழற்றி
லொறியின் மூளையை மறக்க வைத்தேன்.
துளையை அடைக்கவில்லை.
வெங்காயத் தோட்டத்துக் குழாய் இரண்டு முழம் மாட்டி
தண்ணீரைப் பின்சில்லுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டேன்.

றோசலின் அக்கா பில்லைத் தூரப் பிடித்து வாசித்தா.
வயர், பிளக், ஒயில், குழாய், கூலி.
பழுதின் காரணம்: உப்பு.
"உப்பு எப்பிடி அங்க போனது?"

"மீன் லொறிதானே அக்கா" என்றேன்.
அவ டெஸ்மனைப் பார்த்தா.
அவன் ஓம் என்றான்.

காசை எண்ணினா, ஐந்நூறு குறைத்தா,
ஒரு பை சூடையை மேசையில் வைத்தா.
இன்னொருதரம் கேட்கவில்லை.